ஏழு நாளைக்கு மட்டும்

ஜூபாவில் கொள்கலன் ஒன்றில் ஜன்னல் அறுத்து
அலுவலகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
மே மாதக் கடைசி. நான் பெருக்குகிறேன்:
இரண்டாயிரத்து எண்ணூறு வாய்,
வாய்க்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ சோளம்,
முப்பது நாள்.
நாற்பத்திரண்டு டன்.
எண்ணூற்று நாற்பது மூட்டை.

லாரி என்றால்
சாலைக்குக் குறுக்கே இருபத்தாறு கயிறுகள்.
ஒவ்வொரு கயிற்றின் முனையிலும்
ஒரு பையன், ஒரு துப்பாக்கி, ஒரு ரசீதுப் புத்தகம்.
பதினெட்டாவது கயிற்றில் ரசீதும் கிடையாது
என்பான் அட்ரிகோ.
போன தடவை அங்கே உதிரி டயரைக் கழற்றிக் கொடுத்தான்,
அடுத்ததில் செருப்பை.
வெறுங்காலோடு வந்து கையெழுத்திட்டான்:
சரக்கு முழுமையாக ஒப்படைக்கப்பட்டது.

இனி அதுவும் இல்லை. மழை இறங்கிவிட்டது.
அங்கே மண் கரிசல்.
கோடையெல்லாம் வெடித்துக் கிடக்கும்;
நனைந்தால் லாரியை அச்சு வரை விழுங்கி
டிசம்பரில்தான் துப்பும்.

ஆகவே வானம்.
விமானத்துக்கு அறுநூறு மூட்டை.
தரையில் மனிதரும் மாடும் இல்லாத ஒரு நீள்சதுரம்,
நான்கு மூலையிலும் வெள்ளைத் துணி.
தாளில் எல்லாம் பொருந்தி வந்த மதியம்
ரேடியோ கரகரத்தது.

"செரோனோ, கேட்கிறதா? ஓவர்."
வாட்லியெத்திலிருந்து நியாருவொத்.
முன்பு மீன் விற்றவள், இப்போது நிவாரணக் குழுவின் எழுத்தர்.
"கொஞ்சமாகப் போடுங்கள்."
இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்று நினைத்தேன்.
"கொஞ்சமாக. ஏழு நாளைக்கு மட்டும். ஓவர்."

பதினோரு வருட வேலையில்
குறைத்துக் கேட்டவர் ஒருவருமில்லை.

"விமானச் சத்தம் எங்களுக்கு மட்டுமா கேட்கிறது?
போன மாதம் அன்றிரவே வந்தார்கள்.
மூட்டை சுமக்க எங்கள் பையன்களையே பிடித்தார்கள்.
நாற்பத்தொரு பேர். என் தங்கை மகன் துவாக்குக்கு
மூட்டை உயரம்தான் இருக்கும்.
ஐந்து பேர் வீட்டுக்கு ஏழு நாள் சோளம் என்றால்
ஒருத்தி தலையில் வைத்துக்கொண்டு
இடுப்பளவுத் தண்ணீரில் நாணலுக்குள் போய்விடுவாள்.
முப்பது நாள் என்றால்
பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்."

அவள் ஓவர் சொல்லவில்லை. நானும் வெகுநேரம் பொத்தானை அழுத்தவில்லை.

பிறகு தாளைத் திருப்பினேன்.
வாரத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு மூட்டை.
ஒரே விமானத்தில் மூன்று ஊர் அடங்கும்.
எரிபொருள் ஏறக்குறைய அதே;
கையெழுத்துதான் நான்கு மடங்கு.
ஆற்றுக்கு இந்தப் பக்கத்துத் தளபதி, அந்தப் பக்கத்துத் தளபதி,
இருவருக்கும் தனித்தனி வார்த்தைகளில் ஒரே கடிதம்.
மேலதிகாரி கேட்டார்:
"கால் பங்கு கொடுத்தோம் என்று அறிக்கையில் எப்படி எழுதுவது?"
எழுதத்தான் வேண்டும் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

புதன்கிழமை பறந்தது.
வாட்லியெத்தில் விழுந்தது. பான்கோரில் விழுந்தது.
மூன்றாவது ஊரான தொர்யாலில்
வெள்ளைத் துணி விரிக்கப்படவில்லை.
விமானி இரண்டு முறை வட்டமடித்தார்.
துணி இல்லாமல் போடக்கூடாது.
அந்த விதியை எழுதியவளும் நான்தான்.
நூற்றுத் தொண்ணூற்றாறு மூட்டை திரும்பி வந்தது.

ஞாயிறு காலை நியாருவொத்:
"நேற்று ராத்திரி வந்தார்கள், செரோனோ.
காலிச் சாக்குகளைக் காட்டினோம். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.
மிச்சத்தைத் தோணிகளோடு
அல்லி இலைக்கு அடியில் முழுக்கி வைத்திருக்கிறோம்.
முளை விட்டிருக்கும். பரவாயில்லை,
முளைத்ததை மெல்லப் பல் அதிகம் வேண்டாம்.
அடுத்தது எப்போது? ஓவர்."

புதன் என்றேன். உடனே திருத்தினேன்:
கிழமையை ரேடியோவில் சொல்லமாட்டேன்.
சிரித்தாள், அல்லது அலைவரிசை இரைந்தது.

படிவத்தில் 'இழப்பு' என்றொரு கட்டம்.
காலிச் சாக்குகள் என்று எழுதி
எண்ணிக்கையை நிரப்பினேன்.

பிறகு தொர்யாலைக் கூப்பிட்டேன்.
பேட்டரி தீர்ந்திருக்கலாம்.
எட்டரைக்கு ஒரு முறை, ஒன்பதுக்கு ஒரு முறை.
ஒவ்வொரு தடவையும்
ஓவர் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.